குச்சிக்கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு

மாதிரிப் பள்ளியின் நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எல்லாமே தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பயத்தில் சொல்கிறேன்.

சேலத்தில் மாதா கோயில் மதிலை ஒட்டி இருந்தது எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அணா போய் நயா பைசா வந்து, கடைக்காரரும் வாங்குகிறவரும் நாள் முழுக்க மனக்கணக்குப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் நாற்பது பேர் வாத்தியாராவதற்குப் படித்தோம். பின்கட்டில் ஒரு மாதிரிப் பள்ளி. சவரம் பழகுகிறவனுக்கு யாராவது முகம் கொடுக்கத்தானே வேண்டும்? எங்களுக்கு முகம் கொடுத்தவர்கள் அந்தக் குழந்தைகள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கொடுத்து வந்தார்கள். எங்களுக்கு முந்தின நாற்பது பேரும், அவர்களுக்கு முந்தின நாற்பது பேரும் அவர்கள் மேல்தான் கத்தி பிடித்துப் பழகிப் போனவர்கள்.

அதனால் ஒவ்வொரு பாடமும் அந்தக் குழந்தைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நடந்திருந்தது. பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். எங்களுக்கு ஐந்து படிகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமை காணுதல், பயன்படுத்துதல். எந்தப் பாடமானாலும் இந்த ஐந்து படியிலும் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். முதல் படியில், குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டு, மெல்ல மெல்ல இன்றைய பாடத்துக்கு அழைத்துவர வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு. உளநூல் வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஆகா, எவ்வளவு நியாயம் என்று நினைத்தேன்.

என் அறைத்தோழன் ஒருவன் முதல் பாடம் நடத்தப் போனான். கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழந்தைகளே, காலையில் எழுந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான். இருபத்தெட்டுக் குழந்தைகளும் ஒரே குரலில், "இன்று நாம் நீரின் பயன்களைப் பற்றிப் படிக்கப்போகிறோம் சார்!" என்றார்கள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து படியையும் ஒரே தாவலில் தாண்டி மொட்டைமாடிக்குப் போய்விட்ட குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெண். மாதா கோயிலில் ஜெபங்கள் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள். ஒன்பது வயது. முதல் பெஞ்சில் சுவரோரம், ரெட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன். எங்களில் யாராவது தடுமாறினால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "படத்த மாட்டுங்க சார்" என்று எடுத்துக்கொடுப்பாள். கரும்பலகையில் தலைப்பு எழுத மறந்தால் தன் விரலால் காற்றில் எழுதிக் காட்டுவாள். அவளுக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்திருந்தால் அன்றைக்கே போய் எந்த ஊரிலும் பள்ளிக்கூடம் நடத்தியிருப்பாள்.

அவளிடம் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கேள்விகளை வரிசையாகக் கேட்டால் மழையாகப் பொழிவாள். நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கேட்டால் உதடுகள் மட்டும் வேகவேகமாக அசையும். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்து மனசுக்குள் ஓடி, அந்த இடம் வந்ததும் நின்று பதில் சொல்வாள். அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே நீளச் சரம். அதிலிருந்து ஒரு பூவைத் தனியாகக் கிள்ள முடியாது. இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், நானும் அப்படித்தான் படித்துத் தேறினேன் என்று நினைவு வந்து சிரிப்பு நின்றது.

என் குறை வேறு. நான் பேசுவேன்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. மூன்றாம் வகுப்பில் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தது. வந்த அன்றிலிருந்து தீப்பெட்டி மேல் இருந்தது, உர மூட்டை மேல் இருந்தது, பஸ் சீட்டின் பின்பக்கம் இருந்தது, எதையும் விடாமல் சத்தம் போட்டு வாசித்து வீட்டுக்காரர்களைத் திணற அடித்தேன். என் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கூடவே போய்ப் பூகோளம் சொல்வேன். மாடு கேட்கும். கிடைத்ததையெல்லாம் உடனே யார் மீதாவது கொட்டிவிட வேண்டும். அதுதான் எனக்கு ஆனந்தம். கொட்டுவதுதான் கற்பிப்பது என்று நம்பிக்கொண்டு சேலத்துக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் பயிற்சியில் விமரிசனப் பாடம் என்று ஒன்று உண்டு. ஒருவன் பாடம் நடத்துவான். மற்ற முப்பத்தொன்பது பேரும் பின்னால் உட்கார்ந்து அவன் குறைகளை நோட்டில் எழுதுவார்கள். என் முதல் விமரிசனப் பாடம் செடியின் பாகங்கள். வேரில் ஆரம்பித்தேன். மணி அடித்தபோது தண்டில்கூட ஏறவில்லை. முறை வாத்தியார் எழுந்தார். எப்படிக் கற்பிப்பது என்பதைக் கற்பிக்கிறவர் அவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"நீ கேட்ட கேள்வி பதினேழு. பதினேழுக்கும் பதில் வந்துச்சு. பதில் சொன்னது ஒரே ஆளு. அந்த ஆளு ரொம்பக் கெட்டிக்காரன்பா. ஆனா அவன் நாலாம் வகுப்பு இல்ல."

பின்வரிசை முழுக்க நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கியது.

"கேள்வி கேட்டா கொஞ்சம் பொறு. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. அதுக்குள்ள வாயத் திறந்தேன்னா நாக்கைக் கடிச்சுக்க."

இரண்டாவது பாடத்துக்கு இந்தப் புத்திமதியை உயிராகப் பிடித்துக்கொண்டு போனேன். கேள்வி கேட்டேன். மனசுக்குள் எண்ணினால் ஓடிவிடுமோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தது நினைவில்லை. முதல் பெஞ்சிலிருந்து உபதேசியார் மகளின் குரல் வந்தது.

"அஞ்சு ஆயிருச்சு சார்."

வகுப்பு வெடித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வெட்கத்தில் மறுபடி பேச ஆரம்பித்து மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

முறை வாத்தியார் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு போச்சு. பங்குனியில வெளியூர்லருந்து பரீட்சை அதிகாரி வருவாரு. ஒரே ஒரு பாடம். அதுலயும் இப்படின்னா சான்றிதழ் கிடையாது தம்பி. நான் சொன்னாலும் கிடையாது."

இது என் வீட்டுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. நாமக்கல்லில் லாரி வைத்திருந்த மாமன், "வாத்தியார் வேல இல்லைன்னா என்னுங்க மச்சான், கிளீனரா வரட்டும், கெடக்குது" என்று இடம் பிடித்து வைத்துவிட்டார். லாரி வேலையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மைசூர், பம்பாய் எல்லாம் பார்க்கலாம். ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடித்திருந்தது. சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை, பிடித்திருந்தது. அந்த வயசில் இதைவிடப் பெரிய தொல்லை இல்லை.

சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பாடம் எடுத்தோம். எனக்கு நாலாம் வகுப்பு, கணக்கு, பின்னம். நாலில் ஒரு பங்கு பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்று காட்ட வேண்டும்.

மறுநாள் தண்ணீர்ப் பானை அருகே உபதேசியார் மகள் என்னை மடக்கினாள்.

"சார், உங்களுக்குப் பின்னமாமே?"

"யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் சார். என்ன சார் கொண்டாரீங்க? ஆரஞ்சு மட்டும் வேண்டாம் சார். போன வருசம் ஒரு சார் கொண்டாந்தாரு. உரிச்சுப் பாத்தா பதினோரு சுளை. நாலாப் பங்கு போட முடியாம அழுதுட்டாரு."

"அழுதாரா?"

"நாங்கதான் சார் சமாதானம் பண்ணினோம். அப்புறம் எல்லாச் சுளையும் தின்னோம்."

பின்னம் என்றால் அந்த வகுப்புக்குத் திருவிழா. தோசை வந்திருக்கிறது, அதிரசம் வந்திருக்கிறது, ஒரு பணக்கார வீட்டுப் பையன் பன் ரொட்டி கொண்டுவந்திருக்கிறான். ஐந்தாம் படியான பயன்படுத்துதல் என்றால் தின்பது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். அவர்கள் பார்க்காத ஒன்று எனக்கு வேண்டும். ராத்தூக்கம் கெட்டு யோசித்துக் கண்டுபிடித்தேன்: குச்சிக்கிழங்கு! எங்கள் தோட்டத்து மரவள்ளி. சுளை இல்லை, விதை இல்லை. அடிக்கோல் மாதிரி நேராக இருக்கும். ஓர் அடி நீளத்தில் இரண்டு எடுத்து, ஒன்றை நாலு நாலு அங்குலமாக மூன்று துண்டு, மற்றதை மூன்று மூன்று அங்குலமாக நாலு துண்டு. அளவுகோலே உண்ணும் பொருளானால் யார் மறுத்துப் பேச முடியும்? என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன். 'தேர்வுக்கு இரண்டு குச்சிக்கிழங்கு வேண்டும். ஓர் அடி நீளம். நேராக இருக்க வேண்டும். அவித்து அனுப்பவும்.'

தபால்காரர் கார்டை வாசித்துக் காட்டினார். என் அப்பா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு யோசனையில் ஆழ்ந்தாராம். பரீட்சைக்குக் கிழங்கு எதற்கு? எழுதுகிற பரீட்சைக்குப் பேனா கேட்டால் நியாயம். அப்புறம் அவருக்கு விளங்கிவிட்டது. பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து பெரிய மனுஷர் ஒருவர் வருகிறார். வருகிறவருக்கு நம் தோட்டத்து விளைச்சலில் ஏதாவது கொடுப்பதுதானே மரியாதை? பையன் வெட்கப்பட்டுக்கொண்டு மறைமுகமாக எழுதியிருக்கிறான்.

தேர்வு நாள் காலை, முதல் பஸ்ஸில் அப்பாவே வந்து இறங்கினார். வெளுத்த வேட்டி, தலையில் உருமால், கையில் வாழை இலையில் கட்டிய மூட்டை. பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலுக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார்.

பிரித்துப் பார்த்தேன். நீளம் ஓர் அடிதான். ஆனால் நடுவயிறு தொடை மாதிரி பருத்து, நுனி எலிவாலாக மெலிந்து ஓடியது. ஒன்றல்ல, மூன்று கிழங்குகளும் அப்படியே.

"ஏனுங்கப்பா, நேரா இருக்கோணும்னு எழுதியிருந்தனுங்களே."

"நேரா இருக்கறது பிஞ்சு சாமி. அதப் போயி ஒரு பெரிய மனுசருக்குக் குடுக்க முடியுமா? இது மாவாட்டம் இருக்கும், பாரு. ஒங்கம்மா பச்சமொளகா தொவையலும் அரச்சுக் குடுத்திருக்கறா. இலைக்கடியில இருக்குது."

பெரிய மனுஷர் யார் என்று கேட்க நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

பரீட்சை அதிகாரி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, அரைக்கைச் சட்டை, மடியில் மதிப்பெண் நோட்டு. பக்கத்தில் முறை வாத்தியார். ஜன்னலுக்கு வெளியே என் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது யாரு?" என்றார் அதிகாரி.

"பாடத்துக்குத் துணைக்கருவி கொண்டுவந்தவருங்க சார்" என்றேன்.

அப்பா உருமாலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

நான் தொடங்கினேன். "குழந்தைகளே, உங்கள் வீட்டில் நாலு பேர் இருந்தால்..."

"இன்று நாம் பின்னங்களைப் பற்றிப் படிக்கப்போகிறோம் சார்!"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். முறை வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே என் அப்பா இருந்ததால் மறுபடி இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் விடாமல் அடிக்கோலை வைத்துக் கிழங்குகளில் கோடு போட்டேன். ஒன்றை மூன்றாக நறுக்கினேன். மற்றதை நாலாக நறுக்கினேன். ஜன்னலில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய மனுஷருக்குக் கொண்டுவந்த கிழங்கைப் பையன் கண்ணெதிரே துண்டு போடுவதைப் பார்த்து அப்பா பதறியிருக்கிறார். "அட, அப்பிடியே குடுடா அந்தச் சாருக்கு" என்று அடிக்குரலில் சொன்னது எனக்குக் கேட்டது, விளங்கவில்லை.

வலது கையில் மூன்றில் ஒரு பங்கு. இடது கையில் கால் பங்கு. இரண்டையும் உயர்த்திப் பிடித்தேன். கேள்வியைக் கேட்பதற்குள் இருபத்தெட்டுக் குரலும் கிளம்பிவிட்டன. "மூன்றில் ஒன்றே பெரிது சார்!"

அப்பாடா என்றிருந்தது. சரியான பதில். ஒரு நிமிஷம் நான் பாஸ்.

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். "இதுவா பெருசு?"

நானும் நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தேன். அவசரத்தில் வலது கையில் எடுத்திருந்தது எலிவால் நுனி. இடது கையில் இருந்தது தொடை வயிறு. கால் பங்கு கொழுகொழுவென்று இருந்தது. மூன்றில் ஒரு பங்கு அதன் பக்கத்தில் சோறு காணாத பிள்ளை மாதிரி நின்றது.

வகுப்பு அடங்கியது. அவர்களுக்குத் தெரிந்த பதில் ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. என் பாடக்குறிப்பில் இந்த இடத்துக்கு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. என் வாய் திறந்தது. வழக்கமாக ஆறாக ஓடும் அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையிலும் கிழங்கைப் பிடித்துக்கொண்டு, லாரியில் டயர் தட்டும் என் எதிர்காலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஐந்து எண்ணும் நேரம் போயிற்று. பத்துப் போயிற்று. நான் எண்ணவில்லை, கையில் விரல் மிச்சமில்லை.

உபதேசியார் மகளைப் பார்த்தேன். எப்போதும் கேள்விக்கு முன்னால் உயரும் அவள் கை மெதுவாக இறங்கியது. உதடுகள் அசைந்தன. பின்னப் பாடத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாள். ஆரஞ்சு, தோசை, அதிரசம், பன் ரொட்டி. அந்தச் சரத்தில் எலிவால் எங்கும் இல்லை. உதடுகள் நின்றன.

"தெரியல சார்" என்றாள்.

எனக்குத் தெரிந்து அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தோற்றுப்போன குரலில் சொல்லவில்லை. கண் இரண்டும் கிழங்கின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அது நுனி சார்!" என்றான் கடைசிப் பெஞ்சுக்காரன். "பங்கே இல்ல, ஏமாத்து."

"அங்குலம் வெச்சுத்தானே வெட்டினாரு?"

"அங்குலத்தையா திங்கப்போற? எங்கண்ணன் இப்படித்தான் கரும்ப ஒடிச்சு நுனிய எனக்குத் தள்ளுவான். கேட்டா நீளம் சரியா இருக்குதும்பான்."

"அப்ப சமமா எப்படி வெட்றது?"

"ரெண்டு கிழங்கும் ஒண்ணா இருக்குதா மொதல்ல? அது குண்டு. இது ஒல்லி."

இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். இரண்டும் ஒரே அளவு முழுசாக இருந்தால்தான் பங்கை ஒப்பிட முடியும் என்று நானே யோசித்ததில்லை. என் அடிக்கோலும் யோசித்ததில்லை. இருபத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்துப் பேசவில்லை. அந்த வகுப்பில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அதுவரை கேட்டதெல்லாம் கோரஸ்.

உபதேசியார் மகள் எழுந்து நின்றாள். "மசிச்சிரலாம் சார்."

"என்னது?"

"ரெண்டையும் சேத்து மசிச்சு, சரிசமமா ரெண்டு பெரிய உருண்டை புடிக்கலாம். அப்புறம் ஒண்ணை மூணாக்கலாம், ஒண்ணை நாலாக்கலாம். அப்ப நுனியும் இல்ல, அடியும் இல்ல."

நான் தலையாட்டினேன். பேச்சு இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே சிறந்த ஆசிரியராக இருந்த கால் மணி நேரம் அதுதான். அதற்குக் காரணம் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வாழை இலையை விரித்தார்கள். நாலு கைகள் மசித்தன. ஜன்னலில் "ஐயோ சாமி" என்றது ஒரு குரல். இரண்டு உருண்டையும் சமமா என்று பார்க்க வேண்டும். தராசு இல்லை. கையில் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் சமம் என்றான், இன்னொருத்தி இல்லை என்றாள். யார் சொன்னாலும் மற்றவர்கள் நம்பவில்லை; எல்லோரும் தின்னப்போகிறவர்கள், நடுநிலை எங்கே இருக்கும்?

"பொதுவா ஒரு ஆளு வேணும்" என்றான் கடைசிப் பெஞ்சுக்காரன். எல்லோரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். உபதேசியார் மகள் இரண்டு உருண்டையையும் இலையோடு தூக்கிக்கொண்டு நேராக அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"சார், கையக் காட்டுங்க."

முறை வாத்தியார் பாதி எழுந்துவிட்டார். அதிகாரி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி, நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தார். "இது கொஞ்சம் கனம்" என்றார். கிள்ளி மற்றதில் அப்பினார்கள். "இன்னும் கொஞ்சம்." மறுபடி கிள்ளினார்கள். "இப்ப சரி."

இதை எழுதும்போது எனக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. கேள்வி கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், விரலைச் சுவர்ப் பக்கம் மறைத்து. எதையும் வெட்டிக் காட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று ஊகித்துச் சொல்லச் சொல்கிறேன். தன் ஊகம் தப்பான குழந்தைதான் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்க்கிறது. சரி என்றோ தப்பு என்றோ உடனே சொல்வதில்லை. சொன்ன உடனே அந்த விஷயம் அவர்கள் தலையிலிருந்து இறங்கி என் தலைக்கு வந்துவிடுகிறது. திங்கட்கிழமை கேட்டதை வியாழக்கிழமை வேறு வேஷத்தில் கேட்கிறேன். மறந்திருப்பார்கள். பரவாயில்லை, துழாவி எடுக்கட்டும். துழாவி எடுத்தது சீக்கிரம் ஓடுவதில்லை. இதெல்லாம் உளநூல் புத்தகத்திலும் இருந்திருக்கும். நான் புத்தகத்தை உபதேசியார் மகள் மாதிரி வரிசையாகப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு இலையில் ஒரு பக்கம் மூன்று உருண்டை, மறு பக்கம் நாலு உருண்டை. யாரும் கோரஸாகக் கத்தவில்லை. குனிந்து பார்த்தார்கள்.

"மூணுல ஒண்ணுதான் பெருசு" என்றாள் உபதேசியார் மகள், தனக்குத்தானே சொல்வதுபோல. சற்று முன் இருபத்தெட்டுப் பேரும் கத்தின அதே பதில்தான். இந்தத் தடவை அது அவளுடையதாக இருந்தது.

அதிகாரி மாவு ஒட்டின கையோடு எழுந்து வந்தார். "ஏம்மா, ஏழு பெரிசா எட்டு பெரிசா?"

"எட்டு சார்!" எல்லோரும்.

"அப்போ ஏழில் ஒன்றைவிட எட்டில் ஒன்றுதானே பெரிசு?"

இது அவர்கள் எந்தப் பாடத்திலும் கேட்காத கேள்வி. என் பேச்சு அந்த நிமிஷம் பார்த்துத் திரும்பி வந்தது. பதில் தொண்டை வரை ஏறி நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், உப்புக் கரித்தது.

கடைசிப் பெஞ்சுக்காரன் சொன்னான். "இல்ல சார். ஆள் கூடுனா உருண்டை சிறுத்துரும்."

மணி அடித்தது. கரும்பலகை காலியாக இருந்தது. பொதுமை காணுதல் எழுதவில்லை, ஒப்பிடுதல் எங்கே நடந்தது என்று எனக்கே தெரியாது. ஐந்தாவது படி மட்டும் பாக்கி. ஏழு உருண்டை, இருபத்தெட்டுப் பேர், ஓர் உருண்டைக்கு நாலு பேர் என்று உபதேசியார் மகள் கணக்குச் சொன்னாள். "வரிசையில நில்லுங்க!"

நின்றார்கள். இருபத்தெட்டுப் பேரும் மூன்று உருண்டை இருந்த பக்கம் நின்றார்கள். நாலு உருண்டைப் பக்கம் ஒரு ஈகூட இல்லை. தள்ளுமுள்ளில் பெஞ்சு ஒன்று சாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் நின்றவள் கணக்குச் சொன்னவள்தான்.

அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தொந்தி முதலில் குலுங்கியது, அப்புறம் தோள், கடைசியில்தான் சத்தம் வந்தது. முறை வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிரிப்பு அடங்கினதும் அதிகாரி என்னிடம் கேட்டார். "நடுவுல பேசாம நின்னியே, அது நீ போட்ட திட்டமா?"

முறை வாத்தியார் கண்ணாலேயே ஆமாம் என்று சொல்லச் சொன்னார்.

"இல்லைங்க சார். மறந்துபோச்சுங்க."

அதற்குள் என் அப்பா ஜன்னலை விட்டு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். மிச்சமிருந்த மூன்றாவது கிழங்கையும் துவையலையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அதிகாரி முன்னால் நின்றார்.

"பையன் வெவரம் பத்தாதவனுங்க. உங்களுக்குக் கொண்டாந்தத எல்லாம் புள்ளைங்ககிட்டப் பெசஞ்சு குடுத்துப் போட்டானுங்க. இதாச்சும் எடுத்துக்கோணுமுங்க."

கடைசியில் எனக்கு விளங்கியது. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார். ஒரு துண்டு ஒடித்துத் துவையலில் தொட்டு வாயில் போட்டார். மீதியை வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் கொடுத்தார்.

"கெழங்கு எப்பிடீங்க?"

வாய் நிறைய இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ற பையன் தேறிட்டானுங்களா?"

அவர் மென்றார். பச்சைமிளகாய் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. மென்றுகொண்டே இருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விரல்கள் தாமாக மடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று.

"அஞ்சு ஆயிருச்சு சார்" என்றாள் உபதேசியார் மகள், வாயில் கிழங்கோடு, அதிகாரியைப் பார்த்து.

அவர் விழுங்கிவிட்டுக் கையை இலையில் துடைத்தார்.

"முடிவை இப்பச் சொல்லக் கூடாதுங்க பெரியவரே. சட்டம் அப்படி."

அப்பாவின் முகம் விழுந்தது. "ஆகட்டுமுங்க. எதுக்குக் கேட்டன்னா, எம் மச்சான் லாரிக்கு இவனக் கிளீனரா வரச்சொல்லிக் காத்துக்கிட்டு இருக்கறானுங்க. ஏதாச்சும் ஒண்ணு சொல்லியாகோணும்."

அதிகாரி நாற்காலிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தார். மாவுக்கை பட்டு அட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

"மச்சானை வேற ஆளு பாக்கச் சொல்லிருங்க" என்றார்.